பெருநாளில் ஆடும் இருவாச்சி: லிக்பி மக்களின் விலங்கு முகமூடிகள்

கேள்வி இது: மேற்கு ஆப்பிரிக்காவில் லிக்பி என்று ஒரு மக்கள் இருக்கிறார்கள். பல தலைமுறைகளாக முஸ்லிம்கள். ஆனால் பறவை முகம், விலங்கு முகம் வைத்த மர முகமூடிகளைப் போட்டுக்கொண்டு ஆடுகிறார்களாம். இரண்டும் எப்படிச் சேரும்? அந்த விலங்குகளுக்கு என்ன அர்த்தம்?

முதல் பாதிக்கு நேரடியாகப் பதில் சொல்லிவிடுகிறேன். அவர்கள் முகமூடியை வெளியே எடுக்கும் நாளே பெருநாள்தான். ரமலான் நோன்பு முடிந்து வரும் பெருநாள், தியாகத் திருநாள், அப்புறம் ஊரில் பெரிய மனிதர் யாராவது இறந்தால் அந்தத் துக்க நாட்கள். டோ என்ற முகமூடி ஆட்டம் தெருவுக்கு வருவது இந்தச் சமயங்களில்தான். காலையில் தொழுகைக்கு வரிசையில் நின்ற அதே ஆட்கள் அன்றைக்கே ஆட்டம் பார்க்கவும் நிற்பார்கள். ஆகவே ‘எப்படிச் சேரும்’ என்பது வெளியே நின்று பார்க்கிற நமக்கு வரும் கேள்வி. அவர்களுக்கு அது பண்டிகையின் ஒரு பகுதி. இந்த நிலை எப்படி வந்தது என்று புரிய, அவர்கள் யார் என்பதிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

லிக்பி எண்ணிக்கையில் சிறிய மக்கள். கானாவின் மேற்குப் பகுதியில் பாண்டா மலைகளைச் சுற்றியும், எல்லை தாண்டி ஐவரி கோஸ்ட்டின் வடகிழக்கில் போந்துக்கு நகரைச் சுற்றியும் வாழ்கிறார்கள். பேசுவது மாண்டே குடும்பத்து மொழி. அதாவது அவர்களுடைய மொழிச் சொந்தக்காரர்கள் வடமேற்கில், பழைய மாலிப் பேரரசு இருந்த நைஜர் ஆற்றுப் பக்கத்தில் இருக்கிறார்கள். பக்கத்து வீட்டுக்காரர்களோ வேறு ஆட்கள்: செனுஃபோ மொழி பேசும் நஃபானா, கூர் மொழி பேசும் குலாங்கோ, அகான் இனத்து அப்ரோன். மாண்டே மக்கள் இவ்வளவு தெற்கே காட்டோரத்துக்கு வந்து உட்கார்ந்ததற்குக் காரணம் தங்கமும், வாயில் போட்டு மெல்லும் கோலாக் கொட்டையும்.

காட்டுக்கும் புல்வெளிக்கும் நடுவே பெகோ என்று ஒரு சந்தை நகரம் இருந்தது, இன்றைய கானாவில் ஹானி என்ற ஊருக்குப் பக்கத்தில். தெற்கிலிருந்து தங்கமும் கோலாவும் வரும்; வடக்கிலிருந்து உப்பு, துணி, பித்தளை வரும். 1970களில் மெரிக் போஸ்னான்ஸ்கி என்ற தொல்லியலாளர் அங்கே தோண்டினார். வணிகர், உள்ளூர்க்காரர், கைவினைஞர் என்று தனித்தனிக் குடியிருப்புகள் வெளிப்பட்டன. பித்தளை உருக்கிய மண் கிண்ணங்களும் கிடைத்தன. முஸ்லிம் வணிகர்கள் இருந்த பகுதிக்கு க்ராமோ என்று பெயர். மாண்டே மொழியில் காரமோகோ என்றால் ஓதிக் கொடுக்கும் ஆசிரியர். அந்தச் சொல் தேய்ந்து க்ராமோ ஆகி, அகான் மொழியில் இன்றுவரை முஸ்லிம் என்பதற்கே அதுதான் வார்த்தை. முஸ்லிம் என்றால் வாத்தியார் என்று எடுத்துக்கொண்ட ஊர் அது. 18ஆம் நூற்றாண்டில் பெகோ சிதைந்தது. அங்கிருந்து கிளம்பியவர்கள் பாண்டாவுக்கும் போந்துக்குவுக்கும் வேறு ஊர்களுக்கும் போனார்கள். லிக்பிகள் தங்கள் கதையை இந்தப் பெகோவிலிருந்துதான் சொல்வார்கள்.

இந்த வட்டாரத்தில் பொருள்கள் எப்படிக் கை மாறின என்பதற்கு ஒன்று சொல்ல வேண்டும். பெகோவுக்குப் பக்கத்தில் ந்சாவ்காவ் என்ற ஊரில் பழைய பித்தளைப் பாத்திரங்கள் இருக்கின்றன. மேலே அரபு எழுத்து. எகிப்தில் மம்லூக் சுல்தான்கள் காலத்தில் செய்தவை. சகாராவைத் தாண்டி ஒட்டகத்தில் வந்திருக்க வேண்டும். முஸ்லிம் பட்டறையில் செய்த அந்தப் பாத்திரங்கள் முஸ்லிம் அல்லாத அகான் மக்களுக்குப் புனிதப் பொருளாகிவிட்டன. சரி, அரபு எழுத்துப் பாத்திரம் அகான் ஊரில் வழிபாட்டுப் பொருள் ஆகலாம் என்றால், மர முகமூடி முஸ்லிம் ஊரில் பெருநாள் பொருள் ஆவதிலும் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. என்னைக் கேட்டால், லிக்பி முகமூடிகளைப் புரிந்துகொள்ள இந்தப் பாத்திரங்களைவிட நல்ல உதாரணம் கிடையாது.

இன்னும் பின்னால் போவோம். 1352இல் இப்னு பதூதா என்ற மொராக்கோ பயணி சகாராவைத் தாண்டி மாலி அரசவைக்குப் போய்ச் சேர்ந்தார். அப்போது அரசர் மன்சா சுலைமான். அங்கே தங்கியிருந்த மாதங்களில் இரண்டு பெருநாட்களையும் பார்த்தார். அவர் எழுதியிருப்பதை என் வார்த்தையில் சொல்கிறேன். பெருநாள் அன்று அஸர் என்ற பிற்பகல் தொழுகைக்குப் பிறகு அரசர் மேடையில் வந்து உட்காருவார். துகா என்ற அவைப் பேச்சாளர் தன் மனைவிகளோடும் பணிப்பெண்களோடும் வருவார்; மரச் சட்டங்களுக்கு அடியில் சுரைக்குடுக்கைகள் கட்டிய வாத்தியத்தை வாசித்துப் பாடுவார். அது முடிந்ததும் புலவர்கள் வருவார்கள். ஒவ்வொருவரும் இறகால் செய்த உடைக்குள் புகுந்திருப்பார்கள். தலையில், அரபியில் ஷக்ஷாக் என்று சொல்லும் பறவையைப் போல மரத்தில் செய்த தலை. அதற்குச் சிவப்பு மூக்கு. அந்தக் கோலத்தில் அரசருக்கு முன்னால் நின்று கவி சொல்வார்கள்.

என்ன கவி? உபதேசம். நீ உட்கார்ந்திருக்கும் இந்த மேடையில் உனக்கு முன் இன்ன அரசர் உட்கார்ந்தார், அவர் இன்ன நன்மை செய்தார். நீயும் நாலு நல்லது செய், உனக்குப் பிறகு அதைச் சொல்வார்கள். இதைச் சொன்ன பிறகு தலைமைப் புலவர் படியேறிப் போய்த் தன் தலையை அரசர் மடியில் வைப்பார். பிறகு வலது தோளில், பிறகு இடது தோளில். இந்தப் பழக்கம் இஸ்லாத்துக்கு முந்தையது, அதைத் தொடர்ந்து வருகிறார்கள் என்று தனக்குச் சொல்லப்பட்டதாகவும் இப்னு பதூதா எழுதுகிறார்.

அவருக்கு இது பிடிக்கவில்லை. சிரிப்புக்கு இடமான கோலம் என்கிறார். பின்னால் மாலி மக்களிடம் தனக்குப் பிடித்தவை, பிடிக்காதவை என்று இரண்டு பட்டியல் போடும்போது இதைப் பிடிக்காததில் சேர்க்கிறார். பிடித்ததில் என்ன தெரியுமா? அவர்கள் தொழுகையைத் தவறவிடுவதில்லை, பிள்ளைகள் குர்ஆனை மனப்பாடம் செய்யாவிட்டால் காலில் விலங்கு போட்டு உட்கார வைக்கிறார்கள் என்பது. ஒரே மக்களைப் பற்றி, ஒரே மனிதர், அடுத்தடுத்த பத்திகளில் எழுதியவை இவை. அன்றைக்கே இரண்டும் ஒன்றாகத்தான் இருந்திருக்கின்றன. மாலி அரசவைப் பறவைத் தலைக்கும் லிக்பிகளின் முகமூடிக்கும் நடுவே நேர்க்கோடு போட நான் துணிய மாட்டேன். ஆனால் மாண்டே முஸ்லிம்களிடையே, பெருநாள் அன்று, மரத்தில் செய்த பறவைத் தலையோடு ஒருவர் வந்து நிற்பது 14ஆம் நூற்றாண்டிலேயே ‘பழைய வழக்கம்’ ஆகியிருந்தது என்பது போதுமான செய்தி.

இனி டோவுக்கு வருகிறேன். நமக்கு இதைப் பற்றித் தெரிந்திருப்பதில் பெரும்பகுதி ரெனே பிராவ்மன் என்ற அமெரிக்கக் கலை வரலாற்று ஆய்வாளரால். 1960களின் இரண்டாம் பாதியில் கானாவின் மேற்கிலும் போந்துக்குப் பக்கத்திலும் சுற்றி, ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டு, ஆட்டங்களைப் பார்த்து எழுதினார். அவர் போன காலத்தில் ஐரோப்பிய அறிஞர்களிடையே ஒரு முடிந்த முடிவு இருந்தது: இஸ்லாம் நுழைந்த இடத்தில் முகமூடியும் சிற்பமும் செத்துவிடும். பிராவ்மன் பார்த்ததோ நேர் எதிர். முஸ்லிம் ஊர்களிலேயே முகமூடி இருந்தது. அதை வைத்திருந்தவர்களில் மார்க்கம் படித்தவர்களின் குடும்பங்களும் இருந்தன.

டோ முகமூடி அளவில் சிறியது. முகத்தை மட்டும் மூடும். பொதுவாக நீள்வட்ட முகம், மெல்லிய மூக்கு, பாதி மூடிய கண், கன்னத்தில் கீறல் தழும்புகள், இருபுறமும் காதைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கும் செதுக்கு வேலை. மரம் வழவழப்பாகத் தேய்க்கப்பட்டிருக்கும். பயமுறுத்தும் முகம் இல்லை. அழகான மனுஷ முகம், பெரும்பாலும் அமைதியோடு. வண்ணம் பூசியவையும் உண்டு. ஆடுபவரின் உடம்பு தெரியாமல் கீழே துணியோ நாரோ தொங்கும்.

இந்த அழகு முகங்களுக்கு நடுவேதான் விலங்குகள் வருகின்றன. அதில் பெயர் பெற்றது இருவாச்சி. நம் ஆனைமலைக் காட்டில் பறப்பதன் ஆப்பிரிக்க உறவு. லிக்பி மொழியில் இந்த முகமூடிக்கு யங்கலேயா என்று பெயர். இதன் அமைப்பைக் கவனித்தால் முதலில் குழப்பமாக இருக்கும். நெற்றி மனித நெற்றி. கண் மனிதக் கண். புருவ வளைவு, தழும்பு எல்லாம் ஒரு இளம் ஆளுடையது. மூக்கு தொடங்க வேண்டிய இடத்தில் ஒரு அலகு ஆரம்பித்து, வளைந்து, வாயைத் தாண்டி, தாடையைத் தாண்டிக் கீழே இறங்கும். வாய் எங்கே என்று தேடினால் அலகுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும், அல்லது இருக்கவே இருக்காது. பறவைத் தலையை மனித உடம்பில் ஒட்டியது போலவும் இல்லை, மனித முகத்துக்கு மூக்கு முளைத்தது போலவும் இல்லை. இரண்டும் ஒரே வளைவில் ஓடும். செதுக்கியவரின் கை எவ்வளவு நிதானமானது என்பது அந்த ஒரு வளைவில் தெரிந்துவிடும்.

இருவாச்சி முகமூடிகள் ஜோடியாக ஆடுவதுண்டு. பறவையின் நடையை, தலை சாய்ப்பை, ஒயிலைப் பிடிப்பதுதான் ஆட்டத்தின் உயிர். ஏன் ஜோடி என்பது இருவாச்சியைப் பார்த்தவருக்குத் தெரியும். முட்டையிடும் காலத்தில் பெட்டை மரப்பொந்துக்குள் போய் வாசலை அடைத்துக்கொள்ளும். ஒரு சின்னப் பிளவு மட்டும் விட்டிருக்கும். ஆண் வெளியிலிருந்து அந்தப் பிளவு வழியாகத்தான் வாரக்கணக்கில் தீனி கொடுக்கும். லிக்பிகளின் பக்கத்து வீட்டுச் செனுஃபோ மக்களிடமும் இந்தப் பறவைக்கு மரியாதை அதிகம். உலகில் முதலில் தோன்றிய சில உயிர்களில் ஒன்றாக அதை வைத்திருக்கிறார்கள். ஆள் உயரத்துக்கு நெருங்கும் இருவாச்சிச் சிற்பங்களும் செய்வார்கள், அலகு வயிற்றைத் தொடும்படி. செனுஃபோவிடம் அது போரோ என்ற ரகசியச் சங்கத்தின் சொத்து. எல்லாரும் கிட்டே போக முடியாது. லிக்பி ஊரில் அதே பறவை பெருநாள் தெருவில் ஆடுகிறது. பறவை அதேதான், வாழும் வீடு வேறு.

மற்ற விலங்குகள் என்று பார்த்தால் காட்டெருமை, ஆப்பிரிக்கக் காட்டுப்பன்றி, செம்மறி. காட்டெருமையை கானா ஆங்கிலத்தில் ‘புஷ் கவ்’ என்பார்கள், புதர் மாடு. பெயரைக் கேட்டால் சாதுவாக இருக்கும், ஆனால் வேட்டைக்காரர்கள் சிங்கத்துக்குப் பயப்படுவதைவிட இதற்குப் பயப்படுவார்கள். காட்டுப்பன்றி, முகத்தில் மருவும் வளைந்த கோரைப்பல்லும் உள்ளது. ஆட்டத்துக்கு இதைவிடத் தோதான முகம் கிடைக்காது. இந்த மூன்றுக்கும் தனித்தனித் தத்துவம் எழுதும் ஆட்கள் உண்டு, ‘வலிமையின் சின்னம்’, ‘செழிப்பின் சின்னம்’ என்று. எனக்கு அதில் பெரிய நம்பிக்கையில்லை. அருங்காட்சியகத்தில் முகமூடி சுவரில் தொங்குகிறது, அசைவதில்லை. அப்போது அதற்கு ஏதாவது சின்னம் தேவைப்படுகிறது. ஆடும் இடத்தில் ‘பன்றி மாதிரியே திரும்புறான் பார்’ என்று கூட்டம் ரசிப்பதுதான் முதல் அர்த்தம். எருமை எப்படி முட்டும், இருவாச்சி எப்படித் தத்தும் என்பது பார்க்கிற ஒவ்வொருவருக்கும் தெரிந்த விஷயம். ஆடுபவர் தப்பாக ஆடினால் குழந்தைகூடக் கண்டுபிடிக்கும்.

இந்த இடத்தில் ஒரு சிக்கலையும் சொல்லிவிட வேண்டும். லிக்பி முகமூடி என்று எதைப் பார்த்து முடிவு செய்வது? டோ ஆட்டம் லிக்பிகளுக்கு மட்டும் சொந்தமில்லை. ஜூலா, ஹ்வேலா என்ற மாண்டே முஸ்லிம்களிடமும் இருந்தது. உருவ அமைப்போ செனுஃபோ மக்களின் க்பெலியே என்ற முக முகமூடிக்கு ரொம்ப நெருக்கம். நுமு என்ற கொல்லர்களும் மரம் செதுக்குபவர்களும் எல்லா மக்களுக்கும் வேலை செய்தார்கள். கொல்லர் எங்கே குடியிருக்கிறாரோ அந்த ஊர்க்காரர்கள் எல்லாருக்கும் செய்து தருவார். இன்ன இனத்துக்கு இன்ன பாணி என்று பிரித்து வைத்துக்கொள்ள அவருக்குத் தேவையில்லை. ஆகவே ஒரே முகமூடி ஒரு அருங்காட்சியகத்தில் லிக்பி என்றும், இன்னொன்றில் ஜூலா என்றும், ஏலப் பட்டியலில் செனுஃபோ என்றும் இருக்கும். ‘ஒரு இனம், ஒரு பாணி’ என்ற பழைய கணக்கு இந்த வட்டாரத்தில் எடுபடாது. பிராவ்மனின் இன்னொரு முக்கிய வாதமே இதுதான். இங்கே கலைக்கு எல்லைக்கோடு திறந்தே கிடந்தது என்றார் அவர்.

டோவைப் பார்த்துவிட்டு லிக்பி வட்டாரத்து முகமூடி எல்லாமே கொண்டாட்டம் என்று நினைத்தால் தவறு. க்பைன் என்று இன்னொன்று உண்டு. டோவுக்கு எல்லா வகையிலும் எதிர்ப்பதம். டோ முகத்தை மூடும். க்பைன் தலைமேல் படுக்கைவசத்தில் உட்காரும். டோ மெருகேறியது; க்பைன் கரடுமுரடான கருப்பு. முன்னால் முதலையைப் போலத் திறந்த நீளத் தாடை, பின்னால் காட்டெருமைக் கொம்புகள். இது எந்த ஒரு விலங்கும் இல்லை. ஆற்றில் ஆபத்தானதையும் காட்டில் ஆபத்தானதையும் சேர்த்து ஒரு தலையாக்கியது. மாலியில் பமனா மக்களின் கோமோ முகமூடி, செனுஃபோக்களின் ‘நெருப்புத் துப்பும்’ முகமூடி எல்லாம் இதே குடும்பம்.

க்பைன் வரும் நேரம் இரவு. வேலை, சூனியம் வைப்பவர்களைத் துரத்துவது. ஊரில் காரணம் தெரியாத சாவு, அடுத்தடுத்து நோய், பயிர் பொய்ப்பு என்று வந்தால் மனிதர்கள் யாரையாவது சந்தேகிப்பார்கள். அந்தச் சந்தேகத்தை வெளியே கொண்டுவந்து, ஊர் முன்னால் தீர்த்து, பயத்தை அடக்க ஒரு வழி வேண்டும். இந்த வேலையை முஸ்லிம்களும் முஸ்லிம் அல்லாதவர்களும் சேர்ந்தே க்பைனிடம் ஒப்படைத்திருந்தார்கள். இது மார்க்கத்துக்குப் புறம்பு இல்லையா என்றால், ஒன்றை யோசிக்க வேண்டும். சூனியம் என்று ஒன்று இல்லவே இல்லை என்று இஸ்லாம் சொல்லவில்லை. குர்ஆனின் 113ஆவது அத்தியாயமான சூரத்துல் ஃபலக் ‘முடிச்சுகளில் ஊதும் பெண்களின் தீங்கிலிருந்து’ இறைவனிடம் காவல் தேடச் சொல்கிறது. உலகெங்கும் முஸ்லிம் பிள்ளைகள் தூங்கப் போகுமுன் ஓதும் அத்தியாயம் அது. தீங்கு உண்மை, காவல் தேவை என்பதில் இரு தரப்புக்கும் வேற்றுமை கிடையாது. காவல் எந்த உருவில் வரலாம் என்பதில்தான் வாதம். குர்ஆன் வசனம் எழுதித் தோலில் தைத்த தாயத்தை அகான் இனத்து அசாந்தி அரசரின் முஸ்லிம் அல்லாத போர்வீரர்களே சட்டை முழுக்கத் தொங்கவிட்டுக்கொண்டு சண்டைக்குப் போன வட்டாரம் இது. யாருடைய காவல் வேலை செய்கிறதோ அதை வாங்கிக்கொண்டார்கள்.

பக்கத்து ஊர்களில் என்ன நடந்தது என்பதும் இதோடு சேரும். 1888–89இல் ஒரு பிரிட்டிஷ் தூதுக்குழு இந்தப் பக்கம் வந்தது. அதில் டாக்டராக வந்தவர் ரிச்சர்ட் ஆஸ்டின் ஃப்ரீமன். ஆமாம், பிற்காலத்தில் டாக்டர் தார்ன்டைக் என்ற துப்பறிவாளரை வைத்துக் கதை எழுதிப் பேர் வாங்கினாரே, அவரேதான். சக்ரோபுந்தி என்ற கொம்பு வைத்த பெரிய முகமூடியின் ஆட்டத்தை அவர் பார்த்துத் தன் பயண நூலில் எழுதினார். அதுவும் சூனியக்காரர்களைக் கண்டுபிடிக்கும் முகமூடி. பிறகு வந்த பிரிட்டிஷ், பிரெஞ்சு அதிகாரிகளுக்கு இது ஆபத்தாகத் தெரிந்தது. தங்கள் நீதிமன்றத்துக்கு வெளியே ஒரு மர முகம் தீர்ப்புச் சொல்வதை எந்த அரசாங்கம்தான் விரும்பும்? அடக்கினார்கள். சக்ரோபுந்தி மறைந்த இடத்தில் பெது என்ற முகமூடி வந்தது. நஃபானா, குலாங்கோ ஊர்களில் இன்றும் பெயர் சொல்வது பெதுதான். ஆள் உயரத்தை மிஞ்சும் பலகை முகமூடி. ஆணுக்கு வளைந்த கொம்பு, பெண்ணுக்கு உச்சியில் வட்டத் தட்டு. வேலையும் மாறிவிட்டது. குற்றம் கண்டுபிடிப்பதை விட்டுவிட்டு ஊரைச் சுத்தப்படுத்தி, பிள்ளைப்பேறும் நலமும் தருவது என்றாகிவிட்டது. அதிகாரிகளுக்கும் தொல்லை இல்லை.

லிக்பிகளின் டோவுக்கு அந்தக் கதி வரவில்லை. யாரையும் அது குற்றம் சாட்டியதில்லை. பெருநாளில் வந்தது, ஆடியது, போனது. அதற்கு வந்த எதிர்ப்பு வேறு திசையிலிருந்து.

அதைச் சொல்லுமுன், இவ்வளவு காலம் அது எப்படித் தாக்குப்பிடித்தது என்பதற்கு இன்னொரு காரணமும் சொல்ல வேண்டும். மாண்டே வணிக முஸ்லிம்கள் பின்பற்றியது அல் ஹாஜ் சாலிம் சுவாரி என்ற பழைய அறிஞரின் வழி. அவர் போதனையின் சாரம் இவ்வளவுதான்: மற்றவர்கள் இஸ்லாத்துக்கு வருவது இறைவன் குறித்த நேரத்தில் நடக்கும்; வாளை எடுத்துக்கொண்டு அவசரப்படுத்தாதே; முஸ்லிம் அல்லாத அரசரின் கீழும் வாழலாம், உன் மார்க்கத்துக்கு இடைஞ்சல் இல்லாதவரை; படிப்பை விடாதே, நல்ல உதாரணமாக இரு. சந்தைக்காக ஊர் ஊராகப் போய், வேற்று மக்களின் நடுவே நாலு வீடு, ஒரு பள்ளிவாசல் என்று குடியேறுகிறவர்களுக்கு இதைவிட நடைமுறையான போதனை இருக்க முடியாது. பக்கத்து வீட்டுச் சாவுக்கு அவர்கள் முகமூடியோடு வருவார்கள்; உன் வீட்டுச் சாவுக்கு நீ என்ன கொண்டு வருவாய்? போந்துக்கு இப்படித்தான் வளர்ந்தது. ஆள்வது அப்ரோன் அரசர். இமாம் பதவி டிமிட்டே குடும்பத்தில். ஊருக்குப் பட்டப் பெயரே ‘ஆயிரம் பள்ளிவாசல் நகரம்’. அதே ஊரில் ரமலான் 27ஆம் இரவையொட்டி குருபி என்ற பெண்கள் விழாவும் உண்டு. இளம்பெண்கள் தங்க நகைகளை எல்லாம் போட்டுக்கொண்டு ஆடுவார்கள். நோன்பு மாதத்தின் முடிவைப் பாட்டும் ஆட்டமும் இல்லாமல் கழிப்பது அந்த ஊருக்குத் தெரியாத வழக்கம்.

எதிர்ப்பு என்றேன். மேற்கு ஆப்பிரிக்காவில் பெரும்பாலும் மாலிகி மத்ஹப், அதாவது இஸ்லாமியச் சட்ட வழிகளில் ஒன்று. உயிருள்ளவற்றின் சிலை வைப்பதை அதுவும் ஏற்பதில்லை. ஆகவே ‘இது வேண்டாம்’ என்று சொன்ன உள்ளூர் அறிஞர்கள் எப்போதும் இருந்திருப்பார்கள். அதற்கு மறுபக்கத்தில் சொல்லப்படுவது: யாரும் இதைத் தொழுவதில்லை, இதற்குப் பலி இல்லை, இது ஆட்டம். இரண்டு கட்சியும் ஒரே தெருவில் காலம் தள்ளியது. 1940களுக்குப் பிறகு நிலைமை மாறியது. கெய்ரோவின் அல் அஸ்ஹர் பல்கலைக்கழகத்தில் படித்துத் திரும்பிய இளைஞர்கள் மாலியின் பமாக்கோவில் சீர்திருத்த இயக்கம் தொடங்கினார்கள். அது ஐவரி கோஸ்ட்டின் பூவாக்கே போன்ற வணிக நகரங்களுக்கும் வந்தது. தாயத்து, துக்கச் சடங்கின் ஆடம்பரம், ஆட்டம் எல்லாம் கேள்விக்கு உள்ளாயின. ஹஜ்ஜுக்கு விமானத்தில் போய்வருவது சுலபமானதும், மக்காவில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று நேரில் பார்த்து வந்தவர்கள் பெருகினார்கள். சில ஊர்கள் முகமூடியைக் கைவிட்டன. அதே காலத்தில் பணத்தோடு வந்த வெளிநாட்டு வாங்குபவர்களும் இருந்தார்கள். தயங்கி நின்ற குடும்பத்துக்கு விற்பது சுலபமான முடிவாகப் பட்டிருக்கும்.

இப்படி வெளியே போனவைதான் இன்று ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கின்றன. நீங்கள் எங்காவது ஒரு இருவாச்சி முகமூடியைப் பார்க்க நேர்ந்தால், முன்பக்கத்தில் மயங்கி நிற்பது இருக்கட்டும், முடிந்தால் பக்கவாட்டில் போய்ப் பின்புறத்தைப் பாருங்கள். விளிம்பைச் சுற்றித் துளைகள் இருக்கும், துணியையும் கயிற்றையும் கட்ட. விற்பனைக்காகச் செய்த முகமூடியில் அந்தத் துளைகள் புதிதாக, கூராக இருக்கும். நூல் உரசிய தடமே இருக்காது. ஆடிய முகமூடியில் துளையின் ஓரம் ஒரு பக்கமாகத் தேய்ந்து நீண்டிருக்கும், கயிறு எந்தத் திசையில் இழுத்ததோ அந்தத் திசையில். உள்ளே நெற்றியும் கன்ன எலும்பும் பட்ட இடங்கள் வியர்வையில் கறுத்துப் பளபளக்கும். அலகின் நுனியில் சில சமயம் சின்ன உடைசல். ஆட்டத்தின் நடுவே தலையைச் சட்டென்று சாய்த்தபோது எதிலோ இடித்திருக்கலாம்.